கடைக்கோடிக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

சதுரங்கப்பட்டினம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கிளை அஞ்சலகத்தில் குவாஹாட்டிக்கு ஒரு கடிதம் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குவாஹாட்டி எந்தத் திசையில் இருக்கிறது, எந்த ரயில் அங்கே போகும், பை எந்த ஊரில் மாறும் என்பதெல்லாம் அந்தக் கிளையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தம் ஊரின் தெருக்களும் வீடுகளும் அவருக்கு அத்துப்படி. அவற்றில் சேராத கடிதம் எதுவானாலும் ஒரே பையில் போட்டு, தமக்கு மேலிருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. மேலே போகப் போகத்தான் பிரிப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது கூடிக்கொண்டே போகும். எதிர்த் திசையிலும் இதே கதைதான். 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த பின்கோட்டில் முதல் மூன்று இலக்கம் பிரிப்பு மாவட்டத்தைக் குறிக்கும். செங்கல்பட்டு 603001, கல்பாக்கம் 603102, மாமல்லபுரம் 603104, திருக்கழுக்குன்றம் 603109. குவாஹாட்டியில் பிரிப்பவர் 603 வரை பார்த்தால் போதும். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது அவருக்குத் தேவையற்ற சங்கதி.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பின்கோடு 600 என்று சென்னையின் எண்ணில் தொடங்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டைத் தனி மாவட்டம் ஆக்கியபோது ஆட்சியர் அலுவலகம் புதிதாக வந்தது, வட்டங்கள் கைமாறின. 603001 அப்படியே இருந்தது. கடிதப் பை எந்த வழியாகப் போகிறதோ அதை வைத்துத்தான் அஞ்சல் துறை எல்லை வகுத்தது. வருவாய்த் துறையின் வரைபடத்தைப் பார்த்து அல்ல. கணினி வலையமைப்புகளை வகுப்பவர்கள் இந்த இரண்டையுமே பல நேரம் கோட்டை விடுகிறார்கள். கடைக்கோடியில் இருக்கும் கருவிக்கு எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவுக்கு மொத்த வலையும் உறுதியாக நிற்கும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இதற்கு வலுவான மறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு பாதிக்கு மேல் சரியானவையும்கூட.

இணையப் பொட்டலம் ஒன்றை எந்தக் கம்பியில் தள்ளுவது என்று முடிவெடுக்கும் பெட்டிக்குப் பெயர் ரூட்டர். ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தன் ரூட்டர்களுக்குள் பாதைகளைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளச் செய்யப் பயன்படுத்தும் நெறிமுறைகளில் மிகப் பரவலானது ஓஎஸ்பிஎஃப். இதன் முதல் பதிப்பு 1989 அக்டோபரில் வந்தது. ஜான் மாய் எழுதிய இரண்டாம் பதிப்பு 1991இலும், இன்றும் அடிப்படையாக இருக்கும் திருத்தம் 1998 ஏப்ரலிலும் வெளியாயின. இதில் ஒவ்வொரு ரூட்டரும் தன்னோடு யார் யார் எந்தச் செலவில் இணைந்திருக்கிறார்கள் என்று ஓர் அறிவிப்பு எழுதி எல்லோருக்கும் பரப்பும். எல்லோருடைய அறிவிப்புகளும் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றும் முழு வரைபடத்தைத் தானே வரைந்து, குறுகிய வழியைக் கணக்கிட்டுக்கொள்ளும். கணக்கு கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவுடையது. 1956இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக் கடை ஒன்றில், தாளும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் அவர் மனத்திலேயே போட்டு முடித்த கணக்கு அது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ரிப் நெறிமுறை பக்கத்து ரூட்டர் சொன்னதை அப்படியே நம்பி, 30 வினாடிக்கு ஒருமுறை தன் முழுப் பட்டியலையும் ஒப்பித்துக்கொண்டிருக்கும்; 15 தாவலுக்கு அப்பால் உலகமே இல்லை என்று முடிவு கட்டிவிடும். அதைப் பார்த்தவர்களுக்கு ஓஎஸ்பிஎஃப் பெரிய நிம்மதி. ஆனால் அதன் பலம் எதுவோ அதுவேதான் அதன் பலவீனமும்: ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும் என்ற விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட் 1980 அக்டோபர் 27 அன்று காட்டியது. அதிலும் இதே பரப்பும் முறைதான். ஒரு கருவியின் நினைவகத்தில் சில பிட்டுகள் உதிர்ந்ததால், அதன் வழியே சென்ற நிலவர அறிவிப்பு ஒன்று மூன்று வேறு வரிசை எண்களோடு வெளியே போனது. எண்கள் சுற்றிச் சுழலும் முறையில் இருந்ததால் மூன்றில் ஒவ்வொன்றும் இன்னொன்றைவிடப் புதியதாகத் தெரிந்தது. கருவிகள் அவற்றை ஓயாமல் ஒன்றுக்கொன்று பரப்பின. உண்மையான போக்குவரத்துக்கு இடமே இல்லாமல் மொத்த வலையும் பல மணி நேரம் முடங்கியது. பழுது ஒரே ஒரு பெட்டியில், பாதிப்பு எல்லாவற்றிலும். ஓஎஸ்பிஎஃப் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தது. அதன் வரிசை எண் நேர்கோட்டில் ஏறும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் சரிபார்ப்புத் தொகையும் வயதும் உண்டு. அதே விபத்து இனி நடக்காது. ஒரு மூலையின் தவறு இன்னொரு மூலைக்குப் போகும் கால்வாய் மட்டும் அடைபடவில்லை.

அதை அடைக்கத்தான் ஏரியா என்ற பிரிவினை. வலையைப் பல ஏரியாக்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் பூஜ்ய எண் கொண்ட முதுகெலும்பு ஏரியாவோடு இணைப்பார்கள். ஓர் ஏரியாவின் உள்வரைபடம் அதற்குள்ளேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் எல்லை ரூட்டர், இந்த முகவரித் தொகுதி என் வழியே இன்ன செலவில் கிடைக்கும் என்று சுருக்கம் மட்டும் சொல்லும். இந்தச் சுருக்கம் மூன்றாம் வகை அறிவிப்பு. ஆனால் வேறொரு நிறுவனத்தின் வலை, இணையம், பழைய நெறிமுறையில் ஓடும் பகுதி என்று வெளியிலிருந்து இறக்குமதியாகும் முகவரிகளுக்கு இந்தத் தடுப்பு கிடையாது. ஐந்தாம் வகையான அவை எந்த எல்லையிலும் சுருங்காமல் கடைசி ரூட்டர் வரை போய்ச் சேரும். 1991 பதிப்பு கொண்டுவந்த ஸ்டப் ஏரியா அவற்றைத்தான் வாசலில் நிறுத்துகிறது. ஐந்தாம் வகை எதுவும் உள்ளே வராது. பதிலாக எல்லை ரூட்டர் ஒரே வரி சொல்லும்: தெரியாத முகவரி எதுவானாலும் என்னிடம் அனுப்பு. இதுதான் டிஃபால்ட் ரூட், கிளை அஞ்சலகத்தின் அந்த ஒற்றைப் பை. இன்னும் ஒரு படி போய், மற்ற ஏரியாக்களின் சுருக்கங்களையும் நிறுத்திவிடலாம். அதை முழு ஸ்டப் என்பார்கள்.

இதற்குப் பாடநூல்கள் சொல்லும் காரணம் சிக்கனம். நினைவகம் மிச்சம், கம்பியின் கொள்ளளவு மிச்சம், கணக்குச் சுமை மிச்சம். முதல் மறுப்பு இங்கேதான் எழுகிறது, அது நியாயமானதும்கூட. வெளி முகவரிகள் 5,000 இருக்கின்றன என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகை அறிவிப்பு ஒன்று 36 பைட். 5,000க்கு 1,80,000 பைட், அதாவது 14,40,000 பிட். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை இவை புதுப்பிக்கப்பட வேண்டும். 1980களின் இறுதியில், கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைத்த எர்நெட்டில் நகரங்களுக்கு இடையே ஓடிய 9,600 பிட் இணைப்புகளில் இதற்கு 150 வினாடி பிடிக்கும். அரை மணியில் இரண்டரை நிமிடம், கம்பியின் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு புதுச் செய்தியும் இல்லாமலே போய்விடும். 2005இல் ஒப்புதல் பெற்ற மாநில விரிவலைத் திட்டம் வட்டார அளவுக்குக் குறைந்தபட்சம் என்று வைத்த 2 எம்பிபிஎஸ் கம்பியில் இது முக்கால் வினாடிக்கும் குறைவு. இன்றைய 1 ஜிபிபிஎஸ் இழையில் ஒன்றரை மில்லிசெகண்ட்கூட இல்லை. கணக்குச் சுமை என்ற வாதமும் பாதி உண்மைதான். வெளி முகவரி ஒன்று மாறினால் டைக்ஸ்ட்ரா கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைச் சரிசெய்தால் போதும். கணக்குச் சுமையைக் குறைத்தது ஏரியாப் பிரிவினை, ஸ்டப் அல்ல. ஆகவே, மலிவான ரூட்டருக்கே ஜிகாபைட் நினைவகம் கிடைக்கும் காலத்தில் ஸ்டப் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சிக்கனத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது.

காலாவதி ஆகாத காரணம் வேறு. முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குபவர் அந்தப் பட்டியலின் தவறுகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். 1997 ஏப்ரல் 25இல், 7007 என்ற எண் கொண்ட அமெரிக்க வலையமைப்பு ஒன்று உலகத்தின் முகவரித் தொகுதிகளைத் துண்டு துண்டாக்கி, எல்லாம் தன்னிடமே இருப்பதாகச் சொல்லிவிட்டது. நம்பியவர்களின் போக்குவரத்தெல்லாம் அதன் வாசலில் குவிந்து முட்டிக்கொண்டது. 2014 ஆகஸ்ட் 12இல் பெரிய நிறுவனம் ஒன்று சுமார் 15,000 கூடுதல் வரிகளைச் சிறிது நேரம் வெளியிட்டது. உலகப் பட்டியல் 5,12,000 என்ற கோட்டைத் தாண்டியது. அவ்வளவுதான் கொள்ளும் என்று வன்பொருளில் இடம் ஒதுக்கியிருந்த பழைய ரூட்டர்கள் திணறின. பெரிய இணையதளங்கள் தள்ளாடின. இரண்டும் நிறுவனங்களுக்கு இடையே ஓடும் பிஜிபி நெறிமுறையில் நடந்தவை, ஓஎஸ்பிஎஃப் கதை அல்ல என்று ஒருவர் குறுக்கிடலாம். உண்மைதான். ஆனால் பிஜிபியின் பட்டியலை ஓஎஸ்பிஎஃப்புக்குள் இறக்குமதி செய்யும் கட்டளை ஒரே வரி. வடிகட்டி போட மறந்து அந்த வரியை அடித்துவிட்டால், இன்று சுமார் பத்து லட்சம் வரிகள் கொண்ட உலகப் பட்டியல் ஐந்தாம் வகை அறிவிப்புகளாக உடைந்து வலை முழுக்கப் பாயும். தரவு மையத்தின் பெரிய ரூட்டர் தாக்குப்பிடிக்கக்கூடும். ஊராட்சி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கும் சின்னப் பெட்டியின் வன்பொருள் அட்டவணையில் சில ஆயிரம் வரிகளுக்குத்தான் இடம் இருக்கும், அது படுத்துவிடும். அதோடு அந்த ஊரின் அலுவலகம் தன் பக்கத்து அலுவலகத்தோடு பேசுவதும் நின்றுவிடும். அந்தப் பெட்டி ஸ்டப் ஏரியாவில் இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு வரிகூட அதை எட்டாது. மேலே முதுகெலும்பு விழுந்திருந்தால் இணையம் கிடைக்காதுதான். ஏரியாவுக்குள் ஊருக்கு ஊர் ஓடும் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும். பழுது பார்ப்பவர் ஏறி இறங்க வேண்டியது சில பெரிய ரூட்டர்களில் மட்டும். கடைக்கோடியில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும் வேலை மிச்சம். ஸ்டப்பின் இன்றைய லாபம் இந்த மிச்சம்தான், என் கணிப்பில்.

இதை நிலத்தில் வைத்துப் பார்க்கச் செங்கல்பட்டு மாவட்டம் வசதியானது. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் எடுத்துக்கொண்டது; ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் என்பது இலக்கு. அதன் உள்ளமைப்பை அலசுவது இங்கே நோக்கம் இல்லை. மாவட்டத்தின் பூகோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓஎஸ்பிஎஃப்பில் நாமே ஒரு வலை வரைந்து பார்ப்போம். மாவட்டத்தில் 8 ஊராட்சி ஒன்றியங்கள், 359 கிராம ஊராட்சிகள். எந்த ஒன்றியத்திலும் 64 ஊராட்சிகளுக்கு மேல் இல்லை. ஊராட்சிக்கு 256 முகவரி கொண்ட ஒரு தொகுதி, ஒன்றியத்துக்கு அப்படி 64 தொகுதி. எட்டு ஒன்றியத்துக்கும் 512. இரும எண்ணில் இவை கச்சிதமாக உட்காரும்: மாவட்டம் 10.36.0.0/15, ஒன்றியத்துக்கு ஒரு /18. ஒவ்வொரு ஒன்றியமும் ஓர் ஏரியா என்றால், முதுகெலும்புக்கு 359 வரிகளுக்குப் பதில் எட்டு வரிகள். அச்சிறுபாக்கத்தில் மின்சாரம் போய் பத்து ஊராட்சிப் பெட்டிகள் அணைந்து அணைந்து எரிந்தாலும், அந்தத் தொகுதியில் ஒன்றாவது உயிரோடு இருக்கும்வரை சுருக்கவரி மறையாது. எந்த ஊராட்சி அணைந்தது என்ற சேதி மற்ற ஏழு ஏரியாக்களுக்குப் போகாது.

ஆனால் ஒன்றியத்துக்கு ஒரு ஏரியா என்பது ஆட்சியர் அலுவலகத்து வரைபடம். தாம்பரத்தின் பின்கோடு சொல்லும் பாடத்தை மறந்த வரைபடம். பரங்கிமலை ஒன்றியத்தின் ஊராட்சிகள் சென்னையின் தென்புறத்தோடு ஒட்டிக் கிடப்பவை. அவற்றுக்கு இழை சென்னையிலிருந்து வருவதே இயல்பு, சென்னையின் ஏரியாவில் சேர்த்துவிடலாம். அப்படி மிஞ்சும் /18ஐக் கடற்கரைக்குத் தரலாம். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரை கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஓர் ஒடுங்கிய பட்டை நிலம். கோவளம் திருப்போரூர் ஒன்றியம். தெற்கே போனால் திருக்கழுக்குன்றத்தின் எல்லை வந்துவிடும். ஆனால் இழை ஓடக்கூடிய வழி இரண்டுக்கும் ஒன்றுதான், கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆகவே அந்தப் பட்டை முழுவதும் ஒரே ஏரியாவாக இருப்பதே சரி. மதுராந்தகம், அச்சிறுபாக்கம், சித்தாமூர், இலத்தூர் போல ஒன்றியத் தலைமையிடத்தில் எல்லா இழைகளும் கூடுகிற உள்பகுதிகளுக்கு முழு ஸ்டப் போடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாசல் ஒன்றே ஒன்று இருக்கும் வீட்டில், எந்த வாசல் வழியாக எந்த ஊருக்குப் போவது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடற்கரைப் பட்டைக்கு வாசல் இரண்டு. வடக்கே முட்டுக்காடு பாலம் தாண்டிச் சென்னை. மேற்கே மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. இரண்டாவது மறுப்பு இங்கே உண்மையாகவே கடிக்கிறது. முழு ஸ்டப் போட்டால் இரு எல்லை ரூட்டரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்: தெரியாததெல்லாம் என்னிடம் அனுப்பு. கோவளத்துப் பெட்டிக்கு வடக்கு வாசல் பக்கம். ஆகவே செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய பொட்டலமும் சென்னைக்குப் போய், ஜிஎஸ்டி சாலையோரமாகத் திரும்பி வரும். தோராயமாக 40 கிலோமீட்டர் சுற்று. இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், அதற்குப் பிடிக்கும் கூடுதல் நேரம் மில்லிசெகண்டில் ஐந்தில் ஒரு பங்கு, யாருக்கும் உறைக்காது. உறைக்கப்போவது வேறொன்று. சென்னைப் பக்கம் இழை அறுந்தால், செங்கல்பட்டுக்குப் போகும் பேச்சும் சேர்ந்து தடுமாறும், அதற்கென்று தனி வழி இருந்தும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரை கடந்தது. அப்படிப்பட்ட இரவில் மாவட்டத் தலைமையகத்தோடு பேசும் வழி சென்னையின் நலத்தை நம்பி இருக்கக் கூடாது. ஆகவே இங்கே முழு ஸ்டப் வேண்டாம், வெறும் ஸ்டப் போதும். வெளி முகவரிகளைத் தடுத்துவிட்டு, மற்ற ஏரியாக்களின் ஏழெட்டுச் சுருக்கவரிகளை மட்டும் உள்ளே விட்டால் செங்கல்பட்டுப் பொட்டலம் மேற்கு வாசலையும் இணையப் பொட்டலம் வடக்கு வாசலையும் தாமாகத் தேர்ந்துகொள்ளும். இணையத்துக்கு எந்த வாசல் முதல், எது மாற்று என்பதை இரு எல்லை ரூட்டரிலும் டிஃபால்ட் ரூட்டின் செலவை வேறு வேறாக வைத்துத் தீர்மானிக்கலாம். ஒன்றில் 10, இன்னொன்றில் 1,000. இந்த மறுப்புக்கு நான் முழுதாகப் பணிகிறேன் என்று இல்லை. ஒரு படி இறங்கி வருகிறேன்.

மூன்றாவது மறுப்புதான் மூன்றிலும் ஆழமானது. ஒற்றைப் பையை நம்பினால், பையை வாங்குபவர் கையாலாகாதவராக ஆகிவிட்டது கீழே எப்படித் தெரியும்? 1998 ஆவணத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், எல்லை ரூட்டர் தன் பின்னால் முதுகெலும்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமலே ஸ்டப் ஏரியாவுக்குள் டிஃபால்ட் ரூட்டை அறிவிக்கும். முதுகெலும்பில் உயிரோடு ஓர் இணைப்பாவது இருந்தால்தான் ஒரு ரூட்டர் தன்னை எல்லை ரூட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற மாற்று நடைமுறையை 2003 ஏப்ரலில் வந்த ஆவணம் ஒன்று பதிவு செய்தது. பெரிய தயாரிப்பாளர்களின் கருவிகள் அதைப் பின்பற்றுகின்றன. அதுவும் தன் இணைப்பு வரைதான் பார்க்கும். அதற்கு அப்பால் இழை அறுந்திருந்தால் வடக்கு வாசல் பொட்டலங்களை வாங்கி வாங்கிக் கீழே போட்டுக்கொண்டிருக்கும். கோவளத்துப் பெட்டியோ எல்லாம் நலம் என்று அனுப்பிக்கொண்டிருக்கும். தீர்வு ஸ்டப்பைக் கைவிடுவதில் இல்லை. இரு வாசல் ரூட்டரையும் முதுகெலும்பு ஏரியாவிலேயே ஒன்றோடொன்று நேராக இணைத்துவிட்டால், ஒன்றின் பின்புறம் அறுந்தாலும் அது மற்றதன் வழியே அனுப்பிவிடும். கூடுதலாக ஒரு ஜோடி இழை, செலவு அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழியும் உண்டு. நம் /15இல் 150க்கும் மேற்பட்ட தொகுதிகள் யாருக்கும் ஒதுக்கப்படாதவை. அப்படி ஒரு முகவரிக்கு வெளியிலிருந்து பொட்டலம் வந்தால், அந்த /18 முழுவதும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கும் எல்லை ரூட்டரிடம் முதுகெலும்பு அதைக் கொடுக்கும். அதன் பட்டியலில் அந்தத் துண்டு இல்லை; ஆனால் இணையத்துக்கான டிஃபால்ட் ரூட் இருக்கிறது, முதுகெலும்பை நோக்கி. திருப்பிக் கொடுக்கும். முதுகெலும்பு மறுபடி கொடுக்கும். பொட்டலத்தின் தாவல் எண்ணிக்கை தீரும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும். எல்லை ரூட்டரில் அந்த /18க்கு ஒரு குப்பைவழி இருந்தால் முதல் அடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும்; பல கருவிகள் சுருக்கம் அறிவிக்கும்போது தாமே அதைப் போட்டுக்கொள்ளும், போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

கல்பாக்கத்து அணுசக்தி வளாகத்தையும் சிறுசேரியையும் இந்தச் சட்டகத்துக்குள் திணிக்கக் கூடாது. ஸ்டப் ஏரியாவுக்குள் வெளி முகவரிகளை இறக்குமதி செய்யும் ரூட்டருக்கு இடமே கிடையாது. ஊராட்சி அலுவலகத்தில் யாரோ தனியார் பிராட்பேண்டைச் செருகி, அதன் பாதைகளை அறியாமல் வலைக்குள் கலந்துவிட்டால் அது ஊர் எல்லையைத் தாண்டாது என்பதால் இந்தத் தடை நமக்குச் சாதகம். ஆனால் ஏரியாவுக்குள்ளேயே பொய் சொல்லும் ரூட்டரை ஸ்டப் தடுக்காது. அதற்குக் கடவுச்சாவி வேண்டும். கல்பாக்கம் போல வேறொரு துறையின் வலையோடு பேச வேண்டிய வளாகங்களுக்கு இந்தத் தடையே இடைஞ்சலாகிவிடும். அணுசக்தித் துறைக்கு அணுநெட் என்று தனி வலையமைப்பே உண்டு. இத்தகைய இடத்துக்கென்று 1994இல் வந்த ஏற்பாடு என்எஸ்எஸ்ஏ. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். உள்ளே பிறக்கும் வெளிவழிகளை ஏழாம் வகை என்ற தனி உடையில் வாசல்வரை அனுப்பி, அங்கே ஐந்தாம் வகையாக மாற்றும். உடைமாற்றும் விதிகள் சிக்கலானவை, 2003இல் திருத்தி எழுத வேண்டியும் வந்தது. அவசியம் இல்லாத இடத்தில் கை வைக்காமல் இருப்பதே மேல். சிறுசேரி சிப்காட் வளாகத்தின் தரவு மையங்களுக்கோ நாலு பக்கமும் வாசல். எது எங்கே போகிறது என்று முழுதாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் அவற்றின் பிழைப்பு. அங்கே ஸ்டப்புக்கு வேலை இல்லை.

கட்டளை சின்னதுதான்: ஏரியா 20 ஸ்டப். எல்லை ரூட்டரில் மட்டும் இதன் வாலில் நோ-சம்மரி என்று சேர்த்தால் முழு ஸ்டப். ஆபத்து, அதை அடிக்கும் வரிசையில் இருக்கிறது. ரூட்டர்கள் பத்து வினாடிக்கு ஒருமுறை பரிமாறிக்கொள்ளும் வணக்கச் செய்தியில் வெளி முகவரிகளை ஏற்பேனா மாட்டேனா என்பதற்கு ஒரே ஒரு பிட் இருக்கிறது. அந்தப் பிட் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அவை பேச்சை நிறுத்திக்கொள்ளும். செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு முதலில் வாசல் ரூட்டரில் கட்டளையைப் போட்டால், உள்ளே இருக்கும் அத்தனை பெட்டியும் அந்தக் கணமே கைக்கு எட்டாமல் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்ப வேண்டியதுதான். ஆகவே கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்துப் பெட்டியில் கட்டளை போட்டதும் அது மறையும், மறையட்டும். அடுத்தது கல்பாக்கம், பிறகு மாமல்லபுரம். மேற்கு வாசல் வழியாக நுழைந்திருந்தால் கோவளத்துப் பக்கத்தையும் இப்படியே நுனியிலிருந்து முடித்துக்கொண்டு, இரு வாசலிலும் கடைசியாகப் போட்டதும் உள்ளே எல்லாம் ஏற்கெனவே ஒத்துப்போயிருப்பதால் வரிசையாக உயிர்பெறும். ஒவ்வொரு பெட்டியிலும் கை வைப்பதற்கு முன் ரீலோட் இன் 30 என்று ஒரு வரி அடித்து வையுங்கள். மாற்றத்தைச் சேமிக்காமல் விடுங்கள். எழுத்துப் பிழையால் வழி அடைபட்டால் அரை மணியில் அது தானே மறுபடி எழுந்து பழைய அமைப்போடு வந்து நிற்கும். எல்லாம் சரியாக எழுந்துவிட்டால், மறக்காமல் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். முடிந்தபின் சதுரங்கப்பட்டினத்தில் ஷோ ஐபி ரூட் அடித்தால், முன்பு பக்கம் பக்கமாக ஓடிய ஓ-ஈ2 வரிகள் போய், வெளியுலகம் முழுவதற்கும் ஓ*ஐஏ 0.0.0.0/0 என்று ஒரே வரி நிற்கும்.

அந்த வரியைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். முன்கூட்டி அறிவித்த ஓர் இரவில், வடக்கு வாசலின் முதுகெலும்பு இழையை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, கோவளத்திலிருந்து கிளம்பும் பொட்டலம் மாமல்லபுரம் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு மேற்கு வாசலில் அதையே செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். இந்தச் சோதனையை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள்.